ஏங் எப்படி ‘ஆங்’ ஆனான்?

கேள்வி: ‘அவதார்: த லாஸ்ட் ஏர்பெண்டர்’ கார்ட்டூன் தொடரை ஒரு எபிசோட் விடாமல் பார்த்து வளர்ந்தவள் நான். அதை வைத்து 2010-இல் வந்த படத்தை இப்போதுதான் பார்த்தேன், மனசே விட்டுப்போச்சு. 15 கோடி டாலர் செலவழித்தும் ஏன் இப்படி?

பதில்: பணத்தால் கெட்ட படம் இல்லை இது; திரைக்கதையால் கெட்டது. தொடரின் முதல் சீசனில் 20 எபிசோட். ஒன்று 23 நிமிடம் என்றால் ஏழரை மணி நேரத்துக்கு மேல் வருகிறது. படமோ 103 நிமிடம். வெட்டித்தான் ஆக வேண்டும். ஆனால் சம்பவங்களை வெட்டிவிட்டு, அவற்றின் தகவலை மட்டும் வசனத்தில் திணித்தார்கள். எதிரி நாடான நெருப்பு தேசத்தின் இளவரசன் ஸூக்கோவின் முகத் தழும்புக்குப் பின்னால் இருக்கும் கொடுமையைத் தொடர் 12-ஆம் எபிசோடில் கண்முன் காட்டியது. படத்தில் யாரோ ஒரு சிறுவன் அதை ஒப்பிக்கிறான். நாயகன் ஏங்கின் தோழன் சாக்காவும் இளவரசி யூவேயும் நெருங்குவதைப் பின்னணிக் குரல் ஒரு வரியில் முடித்துவிடுகிறது. பிறகு நிலவுக்காக அவள் உயிரைக் கொடுக்கும்போது நமக்கு எங்கிருந்து அழுகை வரும்?

கேள்வி: சண்டைகள் ஏன் இவ்வளவு சப்பென்று இருக்கின்றன?

பதில்: தொடரில் சிலர் நீர், நிலம், நெருப்பு, காற்றை உடலசைவால் ஆட்டிவைப்பார்கள்; அந்த ஒவ்வொரு வித்தைக்கும் நிஜமான சீனத் தற்காப்புக் கலை ஒன்று அடிப்படை. நீருக்கு தாய் சீ, நிலத்துக்கு ஹங் கார், நெருப்புக்கு வடக்கு ஷாவோலின், காற்றுக்கு பாகுவா. உதை விழுந்த நொடியே தீ பாயும். படத்தில் ஆள் நெடுநேரம் கைகாலை ஆட்டுகிறார், விளைவு தாமதமாக வருகிறது. சிறை முகாமில் நில வித்தைக்காரர்கள் ஒரு கூட்டமே சேர்ந்து ஆடியும் ஒரேயொரு பாறைதான் மெல்ல மிதந்து போகிறது. அந்த இடமே தப்பு: 6-ஆம் எபிசோடில் அவர்களை நடுக்கடலில் இரும்பு மேடையில் அடைத்திருப்பார்கள், காலடியில் மண் இருக்கக் கூடாது என்பதற்காக. படத்தில் சுற்றிலும் மண்! இன்னொன்று, தொடரில் தீ மூச்சிலிருந்து பிறக்கும். படத்தில் பெரும்பாலோருக்குப் பக்கத்தில் நெருப்பு எரிய வேண்டும். பந்தத்தை அணைத்தால் அடங்கிவிடும் நெருப்பு தேசப் படையைப் பார்த்து உலகம் ஏன் நூறு வருடம் நடுங்கியது? எதிரி மேல் இருந்த பயமே போய்விட்டது.

கேள்வி: பெயர்களை ஏன் மாற்றினார்கள்?

பதில்: ‘ஏங்’ ஆங் ஆனான், ஸூக்கோவின் பெரியப்பா ‘ஐரோ’ ஈரோ ஆனார். ஆசிய உச்சரிப்பு வேண்டும் என்பது இயக்குநர் நைட் ஷியாமளனின் வாதம். புதுச்சேரியைச் சேர்ந்த மாஹேயில் பிறந்தவர் அவர். ‘அவதார்’ என்ற சொல்லின் வேர் அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் ஆசிய உச்சரிப்பில் இத்தனை கறாராக இருந்துவிட்டு, ஏங், அவன் தோழர்கள் கடாரா, சாக்கா மூவருக்கும் ஆசியர் அல்லாதவர்களை நடிக்கவைத்தது எந்த நியாயம்? ரசிகர்களின் கோபம் முழுக்க முழுக்கச் சரி.

கேள்வி: 3டி-யில் பார்த்தால் நன்றாக இருக்குமா?

பதில்: வேண்டாம். படம் பிடித்த பிறகு 3டி-யாக மாற்றியது. கண்ணாடி போட்டால் காட்சி இன்னும் மங்கும்.

கேள்வி: என் மகளுக்கு 9 வயது. எதிலிருந்து தொடங்கட்டும்?

பதில்: தொடரிலிருந்தே. மொத்தம் 61 எபிசோட். முதல் மூன்றை ஒரே மூச்சில் காட்டுங்கள். 11-ஆம் எபிசோடை விட்டுவிட்டாலும் கதை அறுந்துபோகாது. 12, 13 இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது, ஸூக்கோ அப்போதுதான் புரிவான். 18 முதல் 20 வரை ஒரே கதை. விடுமுறை நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். படத்தில் எடுத்துக்கொள்ள ஜேம்ஸ் நியூட்டன் ஹோவர்டின் இசை இருக்கிறது. கடைசிக் கடல் காட்சிக்கு அவர் போட்டதைத் தனியாகக் கேளுங்கள், காட்சியைவிடப் பெரிதாக இருக்கும்.