நாற்பத்திரண்டு பாடங்களும் ஒரு ஐஸ்கிரீமும்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். ஐந்து வருடமாக உங்கள் தளத்தை வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. எனக்கு வயது 34. கொங்குப் பக்கம் ஒரு ஊரில் ஜவுளிக் கடையில் கணக்குப் பார்க்கிறேன். ஒரே மகள், இரண்டாம் வகுப்பு படிக்கிறாள், ஏழு வயது.

என் அம்மா போன வருடம் தவறிவிட்டார். அவருடைய பீரோவை ஒழித்தபோது புடவைகள், மருந்துச் சீட்டு, பழைய கரண்ட் பில் எல்லாம் இருந்தன. எனக்கென்று ஒரு வரியாவது எழுதி வைத்திருக்க மாட்டாரா என்று தேடினேன். ஒன்றும் இல்லை. என் மகளுக்கு அந்த ஏமாற்றம் வரக்கூடாது என்று ஒரு நோட்டு வாங்கி, அவளுக்குப் பதினெட்டு வயதாகும்போது கொடுப்பதற்காக எழுத ஆரம்பித்தேன். சொந்தக் காலில் நில், யாரிடமும் கடன் வாங்காதே, நீச்சல் கற்றுக்கொள், இப்படி இதுவரை 42 பாடங்கள் எழுதிவிட்டேன். படம் எடுத்து இணைத்திருக்கிறேன்.

போன மாதம் நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பூர்வீக நிலத்தில் என் பங்கை விட்டு, அண்ணன் பேருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தேன். சண்டை வேண்டாம் என்றுதான். அன்று பாப்பாவுக்குப் பள்ளி லீவு, பத்திர ஆபீசுக்குக் கூடவே வந்தாள். திரும்பும்போது ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்து, "அப்பாகிட்டச் சொல்லிடாத கண்ணு, அம்மா நேரம் பாத்துச் சொல்லிக்கறேன்" என்றேன். இன்னும் அவரிடம் சொல்லவில்லை. "கூடப்பிறந்தவர்களுக்கு விட்டுக்கொடு" என்ற 31-ஆம் பாடத்தை எழுதியது அன்று ராத்திரிதான்.

நீங்கள் மூன்று பாடம் சொன்னால் 45-ஆக முடித்துவிடுவேன்.

(பெயரும் ஊரும் நீக்கப்பட்டுள்ளன)

*

அன்புள்ள தங்கைக்கு,

படங்களைப் பெரிதாக்கி 42-ஐயும் படித்தேன். இருபதாம் பாடத்துக்கு மேல் பேனா மாறியிருக்கிறது. 36-ஆம் பாடத்தில் எண்ணெய்க் கறை. அடுப்படியில் நின்றபடி எழுதியிருக்கிறீர்கள் என்று தெரிகிறது. பாதிக்கு மேல் எனக்குப் பிடித்திருந்தது. நீச்சலுக்கு நோட்டு போதாது, இந்தக் கோடை லீவிலேயே கிணற்றிலோ குளத்திலோ இறக்கிவிடுங்கள். செல்வமகள் சேமிப்புக் கணக்கு பற்றிய 12-ஆம் பாடம் நல்ல காரியம். பதினெட்டு வயதில் அந்தக் கணக்கை அவளே நடத்தலாம் என்பதால் பாஸ் புத்தகத்தை இப்போதே கையில் கொடுத்துக் காட்டுங்கள்.

எனக்கு இடித்த இடம் வேறு. நான்காவது பாடம், "பெரியவர்கள் சொன்னால் எதிர்த்துப் பேசாதே." பத்தொன்பதாவது, "யாராவது தப்பாகத் தொட்டால் சத்தம் போடு." பதினெட்டு வயதுப் பெண் இந்த இரண்டையும் எப்படியோ சமாளித்துக்கொள்வாள். ஆனால் 19 அவளுக்கு இப்போதே வேண்டும், ஏழு வயதில். அந்த வயதில் அவள் காதில் தினமும் விழுந்துகொண்டிருப்பதோ 4. தப்பாகத் தொடுகிறவர் பெரியவராகத்தானே இருப்பார்? அதுவும் பெரும்பாலும் அவள் "மாமா" என்றோ "தாத்தா" என்றோ கூப்பிடுகிற ஒருவராக. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளைப் பாருங்கள். சிறுமிகள் மீதான பாலியல் வன்முறை வழக்குகளில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல், குற்றம் சாட்டப்பட்டவர் அந்தக் குழந்தைக்குத் தெரிந்தவர். "முன்பின் தெரியாதவர் சாக்லேட் கொடுத்தால் வாங்காதே" என்று 20-இல் எழுதியிருக்கிறீர்கள். அது மிச்சமிருக்கிற கொஞ்சத்துக்கான பாடம்.

சாக்லேட் என்றதும் அந்த ஐஸ்கிரீமுக்கு வருகிறேன். கோபப்படாமல் படியுங்கள். பிள்ளையின் கையில் ஒரு தின்பண்டத்தைக் கொடுத்து, "வீட்டில் சொல்லாதே" என்பது, குழந்தையிடம் கெட்ட நினைப்போடு வருகிற ஆள் செய்யும் முதல் வேலை. நீங்கள் என்ன மனதோடு சொன்னீர்கள் என்று எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. அவள் பார்த்ததெல்லாம் நடந்த விதம்தான்: நம்மேல் பிரியமானவர்கள் ஏதாவது வாங்கித் தருவார்கள், பிறகு ஒன்றை மறைக்கச் சொல்வார்கள், மறைத்தால் நல்ல பிள்ளை.

உங்களை மட்டும் சொல்லவில்லை. நம் வீடுகளில் அம்மா மகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடமே "சொல்லாதே"தான். புடவை நிஜமாக என்ன விலை, கடுகு டப்பாவில் எவ்வளவு இருக்கிறது, வளையல் எப்போது அடகுக்குப் போனது, மாமாவுக்குக் கைமாற்றாகக் கொடுத்தது எவ்வளவு. இதற்கெல்லாம் மகள்தான் சாட்சி, மகள்தான் பூட்டு. மகனிடம் சொல்வதில்லை, அவன் உளறிவிடுவானாம். காசு கையில் இல்லாத பெண்கள் கண்டுபிடித்த வழி அது, அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு யார் விலை கொடுத்தார்கள் என்று யோசித்திருக்கிறேன்.

என் அம்மா அப்பாவுக்குத் தெரியாமல் மாதம் ஐம்பது ரூபாய் சீட்டுக் கட்டினாள். அம்பாசமுத்திரத்தில் எங்கள் வீட்டுக்குக் கொல்லைப்புறம் உண்டு. அந்த வழியாகப் போய்ச் சீட்டுக்கார ஆச்சியிடம் பணத்தைக் கொடுத்துவிட்டு வருவது என் வேலை. எனக்கு எட்டு வயது. "ஏட்டி, அப்பாட்ட சொல்லிராத." எனக்கு அதில் என்ன பெருமை தெரியுமா? ஒரு நாள் எங்கே போய் வருகிறாய் என்று அப்பா நேராகவே கேட்டார். பூ வாங்க என்று கண் இமைக்காமல் சொன்னேன். அன்று அம்மா எனக்கு ஒரு தேன்குழல் கூடுதலாகக் கொடுத்தாள்.

பதினோரு வயதில், எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க வீட்டுக்கு வந்த ஒருவர். விவரம் வேண்டாம். "அம்மாட்ட சொல்லக் கூடாது" என்று அவர் சொன்னபோது அந்த வாக்கியம் எனக்குப் புதிதாகவே தோன்றவில்லை. கைவந்த வித்தை. சொல்லவில்லை. முப்பது வருடம் சொல்லவில்லை. கடைசியில் சொன்ன அன்று அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். "அப்பமே ஏன் சொல்லல?" என்று கேட்டாள். நான் பேசாமல் இருந்தேன். ஒரு கொத்தை முழுக்க உருவி முடித்த பிறகு, நிமிராமலே சொன்னாள்: "அந்தச் சீட்டுத் துட்டப் பத்திக்கூட நீ மூச்சு விடலையேட்டி."

என் அம்மா படித்தது ஐந்தாம் வகுப்பு. அந்த இரண்டையும் முடிச்சுப் போட எனக்கு முப்பது வருடமாகத் தெரியவில்லை, அவளுக்கு ஒரு கொத்துக் கீரை உருவும் நேரம் போதுமாக இருந்தது.

நற்றிணையில் 110-ஆவது பாட்டு, போதனார் பாடியது. பொற்கிண்ணத்தில் தேன் கலந்த பாலும் கையில் ஒரு சிறுகோலுமாகத் துரத்துகிறார்கள். சிலம்பு ஒலிக்க ஓடுகிறாள் ஒரு சிறுமி. நரைத்த செவிலித்தாய்மார் மூச்சு வாங்கி நின்றுவிடுகிறார்கள். அதே பெண் கல்யாணமாகிப் போன வீட்டில் வறுமை வந்தபோது, அப்பா வீட்டுச் சோற்றை நினைக்காமல், ஒரு பொழுது விட்டு ஒரு பொழுது உண்கிறாளாம். "அறிவும் ஒழுக்கமும் யாண்டு உணர்ந்தனள் கொல்" என்று தாய் வியந்துபோகிறாள். கல்லூரியில் இதைப் படித்தபோது உருகினேன். என் மகளுக்குக் கல்யாண வயது வந்த பிறகு இந்தப் பாட்டு என்னைத் தூங்கவிடுவதில்லை. எங்கே கற்றாளா? வேறு எங்கே, உன்னிடம்தான் அம்மா. பசிக்கிறது என்று பிறந்த வீட்டில் வாய் திறக்கக் கூடாது என்பதை யாரும் ஏட்டில் எழுதிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

அம்மா ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை என்று வருத்தப்படுகிறீர்கள். பத்திர ஆபீசில் நீங்கள் போட்ட கையெழுத்து இருக்கிறதே, அது அவர் எழுதி வைத்ததுதான்.

கையெழுத்துப் போட்டது சரியா தப்பா என்று சொல்ல நான் யார்? பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பிறப்பால் பங்கு உண்டு என்று தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் திருத்தினார்கள். நாடு முழுமைக்கும் அது வர 2005 ஆயிற்று. நீங்கள் பிறக்கும்போதே அந்தப் பங்கு உங்களுக்கு இருந்தது. கொடுக்க நினைத்தால் தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் சண்டைக்குப் பயந்து கொடுத்ததை, அன்று ராத்திரியே "விட்டுக்கொடு" என்று மகளுக்குப் பாடமாக எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. 31-ஐ அடிக்க வேண்டாம். அதன் கீழே நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். எவ்வளவு நிலம், என்ன பேச்சு நடந்தது, கையெழுத்துப் போடும்போது மனதில் என்ன இருந்தது. பதினெட்டு வயதில் அவளுக்கு அந்தப் பக்கம்தான் உதவும்.

இப்போதைக்கு என்ன செய்யலாம் என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். உடம்பின் எல்லா உறுப்புக்கும் அவளுக்குப் பெயர் தெரிய வேண்டும். கை, கால், மூக்கு என்று சொல்லிக்கொண்டே வருகிற நாம் ஓர் இடம் வந்ததும் "ஷேம் ஷேம்" என்கிறோம். ஓர் உறுப்புக்கு வெட்கம் என்றே பெயர் வைத்துவிட்டு, அங்கே ஏதாவது நடந்தால் அம்மாவிடம் வந்து சொல் என்றால், எந்த வார்த்தையில் சொல்வாள்? உங்கள் வீட்டில் எந்தச் சொல் கூச்சமில்லாமல் வருமோ அந்தச் சொல்லைக் கொடுங்கள், டாக்டரிடமும் டீச்சரிடமும் சொன்னால் புரிகிற சொல்லாக இருந்தால் போதும்.

விருந்தாளி வந்ததும் "மாமாவுக்கு ஒரு முத்தம் குடு" என்று தள்ளிவிடாதீர்கள். வணக்கம் சொல்லட்டும், அது மரியாதைக்குப் போதும். மாமா முகம் சுண்டினால் சுண்டட்டும்.

பிறந்தநாளுக்கு அப்பாவுக்கு வாங்கிய சட்டையை ஒளித்து வைப்பதெல்லாம் வேறு. அதற்கு ஒரு தேதி இருக்கிறது, அன்று எல்லாரும் சேர்ந்து சிரிப்பார்கள். தேதி இல்லாமல் மறைக்கச் சொல்கிற எதையும், யார் சொன்னாலும், நானே சொன்னாலும் நீ மறைக்க வேண்டியதில்லை என்று சொல்லிவையுங்கள். "நானே சொன்னாலும்" என்பதை விட்டுவிடாதீர்கள்.

பிள்ளைகள் பெரிய விஷயத்தை எடுத்தவுடன் சொல்வதில்லை. முதலில் பென்சில் பாக்ஸ் தொலைந்ததைச் சொல்லிப் பார்ப்பார்கள், டம்ளர் உடைந்ததைச் சொல்லிப் பார்ப்பார்கள். அப்போது நம் முகம் எப்படிப் போகிறது என்று கவனிப்பார்கள். நான் இதில் பலமுறை தோற்றிருக்கிறேன். ஸ்கூட்டர் சாவியைச் சாக்கடையில் போட்டதற்கு என் மகளை அறைந்தேன். அதன் பிறகு கிட்டத்தட்ட ஒரு வருடம் அவள் என்னிடம் எதையும் தானாக வந்து சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்டேன், ஆனாலும் அந்த ஒரு வருடம் போனது போனதுதான்.

1098 என்ற எண்ணை அவளுக்கு மனப்பாடமாக்குங்கள். குழந்தைகளுக்கான உதவி எண், இரவும் பகலும் எடுப்பார்கள், காசு கிடையாது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கிற போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14-இல் நடைமுறைக்கு வந்தது. அந்தச் சட்டப்படி குழந்தையின் வாக்குமூலத்தை அவள் வீட்டிலேயே எடுக்கலாம், எடுக்க வருகிற அதிகாரி சீருடையில் இருக்கக் கூடாது, கூடுமானவரை பெண் அதிகாரியாக இருக்க வேண்டும். இன்னொன்றும் இருக்கிறது. இப்படி ஒன்று நடந்தது தெரிந்தும் புகார் செய்யாமல் மூடி மறைக்கிற பெரியவர்களுக்கு ஆறு மாதம் வரை சிறை. குழந்தைக்கு அந்தத் தண்டனை இல்லை. குடும்ப மானம் என்று சொல்லி வாயடைக்கிற அத்தைகளும் சித்தப்பாக்களும் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

மூன்று பாடம் கேட்டீர்கள். புதிதாக ஒன்றும் இல்லை என்னிடம். நிலத்து விஷயத்தை உங்கள் கணவரிடம் சொல்லப்போகிறீர்கள்தானே? அப்போது பாப்பாவும் அங்கே இருக்கட்டும். அவர் கோபப்படலாம். என்னிடம் ஏன் கேட்கவில்லை என்று இரண்டு நாள் பேசாமல்கூட இருக்கலாம். அதையும் அவள் பார்க்கட்டும், மூன்றாம் நாள் வீடு வீடாகவே இருப்பதையும் பார்க்கட்டும். பிறகு அவளைக் கூப்பிட்டு, "அன்னைக்கு உன்கிட்ட அப்படிச் சொன்னது என் தப்பு கண்ணு" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அதற்கு ஐஸ்கிரீம் வேண்டாம்.

அன்புடன்,
அக்கா

பி.கு.: 27-ஆம் பாடத்தில் கை வைக்காதீர்கள், உங்கள் அம்மா செய்யும் அரிசிம்பருப்புச் சோறு. மூன்று விசில் என்று போட்டிருக்கிறீர்கள், சரி. அரிசி எவ்வளவு, பருப்பு எவ்வளவு என்று எழுதவே இல்லையே?