ஊர் பெயர் சொல்லாமல் டிக்கெட் விற்கும் தளம்: கேள்வி பதில்

பயணப் பதிவுத் தளங்களை வடிவமைப்பது என் தொழில். கொஞ்ச வருடங்களாக அதில் ஒரு தனி வகை எனக்கு மிகவும் பிடித்துப்போனது: சர்ப்ரைஸ் டிரிப். பணம் கட்டும்போது ஊர் தெரியாது, கிளம்பும் நாளில்தான் தெரியும். இதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

கோவையில் டிராவல்ஸ் நடத்துகிறேன். வார இறுதி வேன் டிரிப்பை இப்படி விற்கலாம் என்று மகன் சொல்கிறான். எந்த ஊர் என்றே சொல்லாவிட்டால் யார் மேடம் பணம் கட்டுவார்கள்?

கட்டுகிறார்கள் சார். ஆனால் எதையுமே சொல்லாமல் விற்றவர்கள் குறைவு. அமெரிக்காவில் 2016-ல் தொடங்கிய பேக் அப் அண்ட் கோ என்ற நிறுவனம் ஊரின் பெயரை உறையில் போட்டு ரகசியமாக அனுப்புகிறது. ஆனால் பயணத்துக்கு முன்பே அங்கே வானிலை எப்படி, என்ன துணி எடுத்து வரணும் என்று தெரிவித்துவிடுகிறது. ஜெர்மனியின் யூரோவிங்ஸ் விமான நிறுவனத்தில் எந்த மாதிரி ஊர் வேண்டும் என்று நீங்கள் ஒரு வகையைத் தேர்ந்தெடுக்கலாம், பிடிக்காத ஊரைக் கூடுதல் பணம் கட்டி நீக்கலாம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஜப்பான் ஏர்லைன்ஸ் 2016 டிசம்பரில் கொண்டுவந்த முறை. சேர்த்த மைல்களை (அடிக்கடி பறப்பவர்களுக்கு விமான நிறுவனம் தரும் புள்ளிகள்) கொடுத்தால் திரையில் நான்கு ஊர்களைக் காட்டும். அதில் ஒன்றுக்குத்தான் போவீர்கள், எது என்று மூன்று நாளுக்குள் தெரியும். அதே நாட்டின் ஜேஆர் ஈஸ்ட் ரயில்வேயும் 2022-ல் புல்லட் ரயிலுக்கு இதே முறையைக் கொண்டுவந்தது. ‘எங்கே வேண்டுமானாலும் சம்மதமா?’ என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. ‘ஏற்காடு, ஏலகிரி, வால்பாறை, கொல்லிமலை, இந்த நாலில் எது வந்தாலும் சம்மதமா?’ என்று கேட்டால் வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவெடுக்கலாம். உங்கள் வேன் டிரிப்புக்கு இதையே சொல்வேன். ஒரே ஒரு விஷயம்: நாலும் ஏறக்குறைய ஒரே தரத்தில் இருக்கணும். மூன்று நல்ல ஊரைக் காட்டிவிட்டு, காலியாகக் கிடக்கும் நாலாவதுக்கே எல்லோரையும் அனுப்பினால் இரண்டாவது மாதமே தெரிந்துவிடும்.

அக்கா, நான் டிசைன் படிக்கிறேன். எதை மறைக்கணும், எதைச் சொல்லணும் என்று எப்படி முடிவு பண்ணுவது?

ஊரின் பெயரையும் படத்தையும் மறை. மற்றதை எல்லாம் சொல். எத்தனை மணிக்குக் கிளம்பணும், எத்தனை மணிக்கு வீட்டு வாசலில் திரும்ப இறங்குவோம், ராத்திரி எத்தனை டிகிரி இருக்கும், எவ்வளவு நடக்கணும், படி ஏறணுமா, வெஸ்டர்ன் டாய்லெட் உண்டா, சைவச் சாப்பாடு தனியாகக் கிடைக்குமா, மொத்தம் எவ்வளவு பணம், அங்கே போய்க் கையிலிருந்து எவ்வளவு செலவாகும். முட்டிவலி உள்ள அப்பாவை அழைத்துப்போகிறவருக்கு ஊர் பெயர் தெரியாதது பிரச்சினை இல்லை. ரூம் இரண்டாவது மாடியில், லிஃப்ட் இல்லை என்பது தெரியாததுதான் பிரச்சினை.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. சில தகவல்கள் ஊரைக் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு தளத்தில் மலைப்பாதையில் வாந்தி வருகிறவர்களுக்காக ‘வழியில் 70 கொண்டை ஊசி வளைவுகள்’ என்று நல்லெண்ணத்தில் எழுதியிருந்தோம். தமிழ்நாட்டில் 70 என்றால் கொல்லிமலை, 40 என்றால் வால்பாறை என்று பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லும். அப்புறம் ‘வளைவுகள் நிறைந்த மலைப்பாதை, சுமார் ஒன்றரை மணி நேரம், வாந்தி வருகிறவர்கள் மாத்திரை வைத்துக்கொள்ளுங்கள்’ என்று மாற்றினோம். அந்த வரியில் ரகசியம் தங்கியது, பயணிக்குத் தேவையானதும் கிடைத்தது. ஒவ்வொரு தகவலையும் இப்படி இரண்டு கண்ணாலும் படித்துப் பார்.

பணம் கட்டியதும் பரிசுப்பெட்டி ஆடுகிற மாதிரி அனிமேஷன் போடச் சொல்கிறார்கள். நல்லா இருக்குமா? (திருச்சி, புரோகிராமர்)

என் முதல் தளத்தில் நான் அதைத்தான் போட்டேன். பெட்டி ஆடும், ‘காத்திருங்கள்!’ என்று ஒரு வரி வரும். முதல் வார இறுதி முழுக்க ஃபோன் அடித்தது. எல்லோரும் கேட்டது ஒன்றே: “பணம் வந்துச்சா?” ஊரைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை. அன்றைக்கே பெட்டியை எடுத்தோம். இப்போது நான் செய்யும் எல்லாத் தளத்திலும் அந்தப் பக்கத்தின் முதல் வரி ‘உங்கள் பணம் ரூ.--- வந்துவிட்டது. பதிவு எண் ---’ என்பதுதான். அடுத்து, இனி எப்போது என்ன நடக்கும் என்று தேதியோடு மூன்று வரி. அதற்குக் கீழே பேச ஒரு எண். பெட்டி வேண்டுமென்றால் அதற்கும் கீழே ஆடட்டும்.

யூபிஐ பாதியில் தொங்கும் நிலைக்கும் தனிப் பக்கம் கட்டாயம் செய்யுங்கள். கணக்கில் பணம் போய்விட்டது, தளத்துக்கு உறுதி வரவில்லை என்ற அந்த ஐந்து நிமிடத்தில்தான் நம்பிக்கை உடைகிறது. கடைக்குக் கட்டிய யூபிஐ பணத்துக்கு உறுதி வராவிட்டால், ஐந்து நாளுக்குள் அது தானாகத் திரும்ப வேண்டும், அதற்கு மேல் தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் ஈடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2019-லேயே விதித்திருக்கிறது. அதை எளிய தமிழில் அந்தப் பக்கத்திலேயே எழுதுங்கள். ‘மறுபடி கட்டாதீர்கள், நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறோம்’ என்றும் எழுதுங்கள்.

ஏம்மா, என் பொண்ணு தனியா இப்படி ஒரு டிரிப் போறேன்னு நிக்கிறா. எங்க போறான்னு தெரியாம நான் எப்படி அனுப்புவேன்? (மதுரை)

உங்கள் பயம் நியாயமானதுதான் அம்மா. ஆச்சரியம் உங்கள் மகளுக்குத்தான், உங்களுக்கு இல்லை. அதனால் நான் வடிவமைக்கும் தளங்களில் பதிவு செய்யும்போதே ‘விவரம் முழுக்கத் தெரிந்த ஒருவர்’ என்று ஒரு கட்டம் வைக்கிறேன். அதில் உங்கள் எண்ணைக் கொடுத்தால் ஊர், தங்கும் இடத்தின் முகவரி, டிரைவரின் எண் எல்லாம் உங்களுக்கு முன்கூட்டியே வந்துவிடும். மகளிடம் சொல்லாமல் வைத்துக்கொள்வது மட்டும் உங்கள் பொறுப்பு. அவளுக்கும் ‘இப்போதே பார்க்கிறேன்’ என்ற பொத்தான் எந்த நேரமும் திரையில் இருக்கும். பெரும்பாலும் யாரும் அழுத்துவதில்லை. ஆனால் அது இருக்கிறது என்று தெரிந்தால்தான் நிம்மதியாகத் தூங்க முடிகிறது. அந்தத் தளத்தில் இந்த வசதி இல்லையென்றால், கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் அனுப்ப வேண்டாம்.

ஊட்டி, கொடைக்கானலுக்கு இ-பாஸ் வேண்டுமே, அங்கே ரகசியம் எப்படி நிற்கும்? (ஈரோடு)

நல்ல கேள்வி. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் இரண்டு இடத்துக்கும் இ-பாஸ் வந்தது. உங்கள் வேனில் அழைத்துப்போனால் நீங்களே வண்டி எண்ணைக் கொடுத்து எடுத்துவிடலாம், பயணிக்குத் தெரியவே தெரியாது. சொந்தக் காரில் வருகிறவர்களுக்கு அந்த இரண்டு ஊரையும் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். அவர் கையாலேயே இ-பாஸ் எடுக்க வைத்துவிட்டு ரகசியம் என்று சொல்வதில் அர்த்தமில்லை. அருணாசல், நாகாலாந்து மாதிரி உள்நுழைவு அனுமதி கேட்கும் மாநிலங்களை சர்ப்ரைஸில் சேர்க்கவே வேண்டாம்.

‘இன்னும் 2 சீட்தான்’ என்று ஓடும் கடிகாரம் வைக்க முதலாளி சொல்கிறார். ஆச்சரியத்தோடு கொஞ்சம் அவசரமும் இருந்தால் விற்குமாம்.

உண்மையிலேயே இரண்டு சீட் இருந்தால் எழுதுங்கள். பொய் என்றால் கூடாது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல்களில் 13 வகைத் தந்திரங்களைப் பட்டியலிட்டது. போலி அவசரம் அதில் ஒன்று. கேட்காமல் இன்ஷூரன்ஸைக் கூடையில் சேர்ப்பது, கடைசிப் பக்கத்தில் கட்டணத்தை ஏற்றுவது இரண்டும் அதே பட்டியலில் உண்டு. முதலாளியிடம் அந்தப் பட்டியலைக் காட்டுங்கள். சட்டம் இல்லாவிட்டாலும் நான் இதைச் செய்ய மாட்டேன். ஊரை மறைத்து விற்கிறவர் வேறொன்றில் பொய் சொல்லிப் பிடிபட்டால், ஊரையும் ஏமாற்றத்தான் மறைத்தார் என்றே மக்கள் நினைப்பார்கள்.

எனக்குப் பார்வை இல்லை. ஊரைத் தெரிந்துகொள்ள ‘திரையைச் சுரண்டுங்கள்’ என்று ஒரு தளம் சொன்னது. திரையில் உள்ளதை உரக்கப் படித்துக் காட்டும் என் திரை வாசிப்பானுக்கு அங்கே ஒன்றுமே இல்லை. தோழிதான் படித்துச் சொன்னாள்.

இதைப் படித்து எனக்குக் கஷ்டமாக இருந்தது. அந்த ஒரு நொடிக்காகத்தான் நீங்கள் பணம் கட்டியிருக்கிறீர்கள், அதை வேறொருவர் வாயால் கேட்க வேண்டி வந்திருக்கிறது. சுரண்டும் அட்டை என்பது வெறும் படம். அதன் பக்கத்திலேயே ‘ஊரைச் சொல்’ என்று உண்மையான பொத்தான் ஒன்று இருக்க வேண்டும், அழுத்தியதும் வாசிப்பான் தானாகப் படிக்கும்படி எழுத்தில் ஊர் வர வேண்டும். நாங்கள் ஒரு தளத்தில் அந்த நொடிக்கு ஒலியையும் சேர்த்தோம். கடலோர ஊர் என்றால் அலைச் சத்தம், மலை என்றால் மழைச் சத்தம், அப்புறம் ஒரு குரல் ஊர் பெயரைச் சொல்லும். பார்வை உள்ளவர்களும் அதைத்தான் அதிகம் விரும்பினார்கள்.

ஊர் தெரிந்த பிறகு பிடிக்கவில்லை என்று ரத்து செய்தால்?

ரத்தைத் தாராளமாக விட்டால், பிடித்த ஊர் வரும்வரை சிலர் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். முழுக்க மூடினால் யாரும் வர மாட்டார்கள். நான் சொல்லும் வழி இது: ஊர் தெரியும் முன் ஒருமுறை தேதியை இலவசமாக மாற்றலாம். தெரிந்த பின் வழக்கமான ரத்துக் கட்டணம். உடல்நலக் காரணம் என்றால் மட்டும் தனியாகப் பேசித் தீர்க்கலாம். இதைப் பணம் கட்டும் பொத்தானுக்கு மேலேயே எழுதுங்கள், ‘நிபந்தனைகள்’ இணைப்புக்குள் புதைக்காதீர்கள்.

மாமனார் மாமியாரின் அறுபதாம் கல்யாணத்துக்கு இப்படி ஒரு ரயில் பயணம் பரிசாகக் கொடுக்க ஆசை. அவர்களுக்குத் தெரியாமல் முடியுமா?

முடியும். டிக்கெட்டில் அவர்கள் பெயரும் வயதும் அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்கணும், ஆனால் செல்பேசி எண் உங்களுடையதாக இருக்கட்டும். இல்லாவிட்டால் பிஎன்ஆர் எஸ்எம்எஸ் மாமனாருக்குப் போய் அன்றைக்கே ஊர் தெரிந்துவிடும். ஹோட்டலிலும் உங்கள் எண்ணையே கொடுங்கள், முந்தின நாளே ஹோட்டல்காரர்கள் கூப்பிட்டு வழி சொல்வார்கள். மாமியார் எடுக்கும் மாத்திரைகள் மட்டும் ஒரு வாரத்துக்கு எடுத்து வைத்தாயிற்றா என்று வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள்.