கண்ணாடிக் கிண்ணத்தில் ஏர் பிளான்ட்

கேள்வி: சாப்பாட்டு மேசையில் வைக்க, கண்ணாடிக் குடுவைக்குள் ஏர் பிளான்ட் (மண்ணில்லாமல் வளரும் செடி) வளர்க்க ஆசை. தினமும் கவனிக்க நேரமில்லை. சரிப்படுமா?

பதில்: தாராளமாக. மூடி போட்ட குடுவை மட்டும் வேண்டாம். என் முதல் செடியை அப்படித்தான் கொன்றேன். ஒருநாள் லேசாகத் தொட்டதும் நடு இலைகள் கொத்தாகக் கையோடு வந்தன, அடியில் கறுப்பாக அழுகல். வாயகன்ற கிண்ணத்தில் காய்ந்த மணலும் கூழாங்கல்லும் போட்டு, மேலே சும்மா உட்காரவையுங்கள். மண்ணே வேண்டாம். அன்னாசிக் குடும்பத்துச் செடி இது. இலையிலுள்ள வெள்ளிச் செதில்களாலேயே நீரை உறிஞ்சிக்கொள்ளும். வாரம் ஒருமுறை வெளியே எடுத்து 20 நிமிடம் தண்ணீரில் ஊறவிட்டு, தலைகீழாக உதறி, துணிமேல் கவிழ்த்து வையுங்கள். 4 மணி நேரத்துக்குள் காய்ந்துவிட வேண்டும். அப்புறம்தான் கிண்ணம். சன்னலோர வெளிச்சம் போதும். நேர்வெயில் பட்டால் கண்ணாடிக்குள் வெந்துவிடும். செம்புக் கம்பியால் கட்டாதீர்கள், அது இதற்கு விஷம்.