சுற்றுலாத் திட்டத்தை அல்காரிதம் எப்படிப் போடுகிறது?

கையில் இருப்பது ஒரே நாள், பார்க்க ஆசைப்படும் இடங்களோ நிறைய. எதை, எந்த வரிசையில் பார்ப்பது என்று கணினியின் அல்காரிதம், அதாவது படிப்படியான கணக்கு முறை, எப்படி முடிவு செய்கிறது என்பது கேள்வி.

பலர் இதைப் பயண விற்பனையாளர் சிக்கலோடு குழப்பிக்கொள்கிறார்கள். அதில் எல்லா இடத்துக்கும் போயே ஆக வேண்டும், மிகக் குறுகிய வழியைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. இங்கே சிலவற்றை விடலாம். எதை விடுவது என்பதுதான் கஷ்டமே. இதற்குப் பெயர் ஓரியன்டீரிங் சிக்கல்: ஒவ்வோர் இடத்துக்கும் உங்கள் விருப்பப்படி ஒரு மதிப்பெண், இருக்கும் நேரத்துக்குள் மொத்த மதிப்பெண் அதிகபட்சம் ஆக வேண்டும்.

10 இடங்களை வரிசைப்படுத்தவே 36,28,800 வழிகள். இடங்கள் கூடக் கூட எல்லாவற்றையும் சோதிப்பது நடக்காத காரியம். அதனால் பெரும்பாலும், கூடுதலாகச் செலவாகும் நிமிடத்துக்கு அதிக மதிப்பெண் தரும் இடத்தை முதலில் செருகுவார்கள். 9 மதிப்பெண் அருங்காட்சியகத்துக்கு 120 நிமிடம், 6 மதிப்பெண் பூங்காவுக்கு 40 நிமிடம் என்றால் பூங்காதான் முதலில் நுழையும். அப்புறம் ஓரிரு இடங்களைத் தூக்கிவிட்டு, வேறு இடங்களால் நிரப்பிப் பார்த்து, மொத்த மதிப்பெண் கூடினால் அல்காரிதம் அந்த மாற்றத்தை வைத்துக்கொள்ளும்.

என்னைக் கேட்டால், அல்காரிதத்தைவிட மதிப்பெண்தான் முக்கியம். அது பொய்யானால் திட்டமும் பொய். மதிய உணவு விடுபடாமல் இருக்க, அதையும் 12 முதல் 2 வரை திறந்திருக்கும் ஓர் இடமாகச் சேர்த்து, கட்டாயம் என்று குறித்துவிடுங்கள்.