‘எனக்கு இதெல்லாம் வராது’

கேள்வி: என் மகளுக்கு ஒன்றரை வயது. அம்மாபேட்டையில் மாமியாரோடு இருக்கிறோம். அத்தை அவளிடம் ஒரு வார்த்தையைக்கூட ஒழுங்காகச் சொல்வதில்லை. சோறு மம்மம், பால் பாச்சி, அடிபட்டால் உவ்வா. “என் தங்கத்துக்கு மம்மம் வேணுமா சாமீ...” என்று குரலை எங்கேயோ ஏற்றி இழுப்பார். நான் ‘ரைஸ்’, ‘மில்க்’ என்று சொல்லித் தந்தால் மறுநிமிடமே மம்மம் வந்துவிடுகிறது. கணவரிடம் சொன்னால் சிரிக்கிறார். எத்தனை முறை சொல்லியும் அத்தை கேட்பதில்லை. பிள்ளையின் பேச்சு இப்படியே நின்றுவிடாதா? ஆறு வயதிலிருந்து ஏற்காட்டில் ஹாஸ்டலில் வளர்ந்தவள் நான், எனக்கு இதெல்லாம் வராது. பாப்பாவும் அவரிடம்தான் ஓடுகிறாள். அது போகட்டும், பேச்சைத் திருத்த என்ன வழி?
– ஒரு வாசகி, சேலம்

பதில்: ‘அது போகட்டும்’ என்று தாண்டிவிட்டீர்கள். நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

பேச்சைப் பற்றிய பயத்தை முதலில் முடித்துவிடலாம். ‘ம’வும் ‘ப’வும் உதட்டிலேயே பிறப்பவை, பிள்ளை வாய்க்குச் சுலபம். மொழியியலாளர் சார்லஸ் ஃபெர்குசன் 1964இல் மராத்தி, அரபி, ஸ்பானிஷ் என்று 6 மொழிகளை ஒப்பிட்டார். ஆறிலும் மழலைப் பேச்சு உண்டு. உங்கள் ஆங்கிலமும் அதில் ஒன்று. பாப்புவா நியூ கினியின் காலுலி மக்களோ, பிள்ளையிடம் மழலை பேசவே கூடாது என்பவர்கள். எதிரே இருப்பவர் பக்கம் பிள்ளையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, பிள்ளை பேசுவதுபோல் அம்மாவே பேசுவாள். அங்கேயும் பிள்ளைகள் நன்றாகத்தான் பேச வளர்கிறார்கள். ஆக, இந்த வழக்கில் நான் அத்தை கட்சி. பசியோடு வரும் பிள்ளைக்கு ‘ரைஸ்’ என்று பரீட்சை வைத்தால் அது மடி மாறத்தான் செய்யும்.

இப்போது உங்கள் விஷயம். 20 கொண்டை ஊசி வளைவுக்கு மேலே ஓர் ஆறு வயதுப் பிள்ளையை விட்டுவிட்டு வந்தார்கள். அதைக் கொஞ்சிய குரலும் அவர்களோடு மலையிறங்கிவிட்டது. அத்தை ‘சாமீ’ என்று இழுக்கும்போது உங்களுக்கு எரிச்சல் வருகிறது. அத்தை பாப்பாவைப் பறித்துக்கொண்டார் என்ற பொறாமை என்று நினைத்திருப்பீர்கள். எனக்கென்னவோ, உங்கள் பொறாமை அத்தைமேல் இல்லை, அந்தக் கொஞ்சல் கிடைக்கிற பாப்பாமேல்தான் என்று தோன்றுகிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நாளைக்குச் சோற்றுக் கிண்ணத்தை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். அத்தை பக்கத்திலேயே இருக்கட்டும். மம்மம் என்று சொல்ல வாய் கூசும், மெதுவாகவே சொல்லுங்கள். ‘ரைஸ்’ எல்.கே.ஜி.யில் வந்துவிடும்.