மலைக்குளிரிலும் தொடையிடுக்கு ஏன் ஈரமாகிறது? கேள்வி பதில்

ஹட்டன் டவுனில் 21 வருடமாக பாமசிக் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறேன். ஒரு அட்டை பனடோல் கேட்டு, காசு கொடுத்து, பக்கத்தில் நிற்கும் பெண் நகரும்வரை காத்திருந்து, "அண்ணே, இன்னொரு விஷயம்..." என்று இழுக்கும் ஆண்களை வாரத்துக்கு நாலு பேராவது பார்க்கிறேன். அந்த இன்னொரு விஷயம் பெரும்பாலும் தொடையிடுக்கு வேர்வையும் அரிப்பும்தான். கேள்வி அனுப்பியவர்களின் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

மஸ்கெலியா, த்ரீவீல் ஓட்டுபவர், 29: எல்லாரும் குளிருதுன்னு சுவெட்டர் போடுறாங்க. எனக்கு மட்டும் இடுப்புக்குக் கீழே வேர்த்து ஊத்துது. இறங்கினா சீட்டில் ஈரத் தடம். உடம்பில் ஏதும் கோளாறா அண்ணே?

கோளாறு இல்லை தம்பி. வெளியே 15 பாகை என்றாலும் உங்கள் ஜீன்ஸுக்குள் கிட்டத்தட்ட உடம்புச் சூடுதான். தோலோடு தோல் உரசும் மடிப்பு அது, காற்று போக வழியில்லை. அதற்கு மேல் ஜட்டி, ஜீன்ஸ், மழைக்கோட்டுக் காற்சட்டை, கீழே ரெக்சின் சீட். இத்தனைக்கும் நடுவில் வேர்க்காவிட்டால்தான் ஆச்சரியம். சீட்டில் மடித்த பருத்தித் துவாயைப் போடுங்கள், தினமும் மாற்றுங்கள். ஹயர் இல்லாத நேரம் உள்ளேயே உட்கார்ந்து போன் பார்க்காமல் இறங்கி நில்லுங்கள். மதியம் மாற்ற ஒரு ஜட்டி டாஷ்போர்டுக்குள் இருக்கட்டும். ஜீன்ஸை விட்டுத் தளர்வான பருத்திக் காற்சட்டைக்கு மாறினாலே பாதி குறையும்.

வட்டவளை, தோட்டத் தொழிலாளி, 34: ஜூன், ஜூலையில் உடுப்பு மூணு நாளானாலும் காயாது. அரை ஈரத்தோடதான் போட்டுட்டு மலைக்குப் போறோம். அது தப்பா?

இதைக் கேட்டதற்கு நன்றி. என்னைக் கேட்டால், நம் பக்கத்தில் வேர்வை என்று சொல்லிக்கொண்டு வருபவர்களில் நிறையப் பேருக்குத் தொந்தரவு வேர்ப்பதால் வருவதில்லை, காயாததால் வருகிறது. காலையில் ஈர ஜட்டியோடு புறப்பட்டால் வேர்க்கும் முன்பே தோல் ஊறிவிடுகிறது. ஊறிய தோல் நாலு மலை ஏறி இறங்குவதற்குள் உரசி வழன்றுவிடும். அப்புறம் பூஞ்சைக்கு அழைப்பு அனுப்பத் தேவையில்லை.

அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயப்போடுவது நம் லயங்களில் பழைய வழக்கம். நல்ல வழக்கம்தான். ஆனால் துணி காய்ந்த பிறகும் இடுப்பு இலாஸ்டிக்கும், தொடையோரத் தையலும் ஈரமாகவே இருக்கும். கையால் தொட்டால் தெரியாது. அந்தத் தையலை மேலுதட்டில் ஒரு நொடி வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் காயவில்லை. உள்பக்கத்தை வெளியே திருப்பிக் காயப்போடுங்கள். போடுவதற்கு முன் அயர்ன் பெட்டியால் அந்தத் தையல் மேல் ஆவி நிற்கும்வரை அழுத்துங்கள். ஜட்டிக்கு யாராவது அயர்ன் பண்ணுவார்களா என்று என் மனைவியே சிரித்தாள். மழைக்காலத்தில் இப்போது எங்கள் வீட்டில் அவள்தான் முதலில் பெட்டியைச் சூடாக்குகிறாள்.

இலாஸ்டிக் தளராத மெல்லிய பருத்தி ஜட்டி குறைந்தது ஆறு வேண்டும். இரண்டை வைத்துக்கொண்டு மழைக்காலத்தை ஓட்ட முடியாது. மலையிலிருந்து வந்ததும் ஈர உடுப்போடு தேத்தண்ணி குடிக்க உட்காராமல், முதலில் துடைத்துவிட்டுச் சாரத்துக்கு மாறுங்கள். வீட்டுக்குள் ஜட்டி இல்லாமல் சாரத்தோடு இருப்பதைவிட நல்ல வைத்தியம் எங்கள் கடையில் இல்லை.

தலவாக்கலை, மாணவர், 19: நாளைக்கு மூன்று தடவை கிருமிநாசினி போட்டுக் கழுவுகிறேன். வாடை போகவே இல்லை.

வேர்வைக்கு வாடை கிடையாது தம்பி. அக்குளிலும் தொடையிடுக்கிலும் இருக்கும் ஒருவகைச் சுரப்பி, பருவ வயதில்தான் வேலை செய்யத் தொடங்கும். அது விடும் கொழுப்புக் கலந்த நீரைத் தோலில் இருக்கும் பக்டீரியா உடைக்கும்போதுதான் வாடை வருகிறது. கிருமிநாசினி ஊற்றினால் தோல்தான் எரிந்து வெடிக்கும். நாளைக்கு ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவை, சாதாரண சவர்க்காரம் போதும். குளிருக்குப் பயந்து முகம், கை, கால் மட்டும் கழுவுகிற நாளிலும் இந்த இடத்துக்கு ஒரு செம்பு வெந்நீர் ஒதுக்குங்கள். பிறகு துவாயால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். முடியைக் கத்தரியால் கட்டையாக வெட்டலாம். பிளேடு வைத்தால் முடி உள்ளுக்குள் வளர்ந்து கொப்புளம் போடும்.

பதுளை, கடை ஊழியர், 31: தொடையிடுக்கில் வட்டமாகச் சிவந்து அரித்தது. பாமசியில் ஒரு டியூப் தந்தார்கள். இரண்டு நாளில் நின்றது. விட்டதும் முன்னையைவிடப் பெரிதாக வந்துவிட்டது. ஆறு மாதமாக இதே கதை.

உங்களுக்கு வந்திருப்பது வேர்வை இல்லை, பூஞ்சையால் வரும் படையாகத்தான் இருக்க வேண்டும். ஓரம் சற்றுத் தடித்துச் செதில் விட்டு, நடுப்பகுதி தெளிந்து, தொடைப் பக்கம் பரவும். விதைப்பையை அனேகமாகத் தொடாது. அந்த டியூபின் பெட்டியை எடுத்துப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசோல் என்று ஏதாவது போட்டிருந்தால் அது ஸ்டீரொய்ட். அரிப்பையும் சிவப்பையும் அது அடக்கிவிடும். பூஞ்சையோ நிம்மதியாக வளரும். படையின் உருவம்கூட மாறிப்போய் டொக்டருக்கே அடையாளம் தெரியாமல் போவதுண்டு. தொடர்ந்து பூசினால் அந்த இடத்துத் தோல் மெலிந்து, வரி வரியாக வெடித்த தழும்பு விழும். அது பிறகு மறையாது. இரண்டு நாளில் சுகம் தரும் டியூபை, தொடங்கிய வருடங்களில் நானும் விற்றிருக்கிறேன். வாங்கியவர்கள் திரும்பத் திரும்ப வந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

ஸ்டீரொய்ட் கலக்காத வெறும் குளோட்ரிமசோல் (பூஞ்சையைக் கொல்லும் கிரீம்) என்றால் நாளைக்கு இரண்டு வேளை, படையின் ஓரத்திலிருந்து இரண்டு சென்ரிமீற்றர் வெளியே வரைக்கும் பூச வேண்டும். மறைந்த பிறகும் இரண்டு வாரம் விடாதீர்கள். கால்விரல் இடுக்கையும் பாருங்கள். நாள் முழுக்கப் பூட்ஸ் போடுகிறவர்களுக்குக் காலில் இருக்கும் பூஞ்சைதான் ஜட்டியை ஏற்றும்போது மேலே வருகிறது. அதனால் முதலில் காலுறை, பிறகு ஜட்டி. துவாயும் சாரமும் தனித்தனி. ஆனால் உங்களுக்கு ஆறு மாதம் ஓடிவிட்டது. இனி என் போன்றவனிடம் கேட்க வேண்டாம். அரச ஆஸ்பத்திரித் தோல் கிளினிக்குக்கு அந்த டியூபையும் எடுத்துக்கொண்டு போங்கள். மாத்திரை தேவைப்படலாம்.

கொட்டகலை, குடும்பத் தலைவி: என் வீட்டுக்காரருக்கு விதைப்பையும் சேர்ந்து சிவந்து எரியுதுங்க அண்ணா. அவருக்குச் சீனி வருத்தமும் இருக்கு. காட்டச் சொன்னால் கோபப்படுகிறார்.

விதைப்பை வரை சிவந்து, சுற்றிலும் சின்னச் சின்னப் பருக்கள் இருந்தால் அது பெரும்பாலும் கன்டிடா என்கிற வேறு பூஞ்சை. இரத்தத்தில் சீனி கூடினால் அது விடாது. சீனி கிளினிக்குக்கு எப்படியும் போவார்தானே தங்கச்சி, அங்கேயே சொல்லச் சொல்லுங்கள். இன்னொன்று: இரவில் அவருக்கு மட்டுமல்லாமல் உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் அரித்தால் அது பெரும்பாலும் சொறிச் சிரங்கு. அதற்கு வீட்டில் எல்லாரும் ஒரே நாளில் மருந்து பூச வேண்டும்.

நுவரெலியா, மரக்கறித் தோட்டம், 45: பவுடர் போடலாமா?

முழுக்கக் காய்ந்த தோலில் கொஞ்சமாகத் தூவினால் உரசல் குறையும். வேர்த்த பிறகு போட்டால் களியாகித் திரண்டு, அதுவே உரசும். டல்க் பவுடரை உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2024இல் 'மனிதருக்குப் பெரும்பாலும் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது' என்ற வகையில் சேர்த்தது. பயப்படச் சொல்லவில்லை. ஆனால் நான் போடுவதில்லை.

பண்டாரவளை, கிளார்க், 26: பதினாலு வயதிலிருந்து இப்படித்தான். உள்ளங்கையும் நனையும். கதிரையை விட்டு எழுந்தால் காற்சட்டையில் நனைந்த அடையாளம். அப்பாவுக்கும் உண்டு. தூக்கத்தில் மட்டும் இல்லை.

இதுதான் உண்மையான மிகை வியர்வை. பரம்பரையாக வரும், தூங்கும்போது நிற்கும். சுரப்பிகள் நன்றாகத்தான் இருக்கின்றன, நரம்பு கொடுக்கும் கட்டளைதான் அதிகம். வாசனை டியோடரன்ட் உதவாது. அலுமினியம் குளோரைட் உள்ள வியர்வை தடுப்பான் வேண்டும். இரவு படுக்கப்போகும் முன், முழுக்கக் காய்ந்த தொடையின் உள்பக்கத்தில் மட்டும் மெல்லியதாகப் பூசிக் காலையில் கழுவுங்கள். முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள், குறைந்ததும் வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவை. விதைப்பையிலோ ஆணுறுப்பிலோ படக்கூடாது. வெட்டு, புண், புதிதாகச் சவரம் செய்த இடம் என்றால் தொடவே வேண்டாம், துள்ளவைக்கும். பலன் இல்லாவிட்டால் தோல் டொக்டர் மாத்திரை கொடுக்கலாம். வாய் காயும், மலச்சிக்கல் வரலாம், சிலருக்குச் சிறுநீர் கழிக்கச் சிரமமாகும். அதனால் அவர் எழுதிக் கொடுக்காமல் வாங்காதீர்கள். பொட்டுலினம் ஊசியும் இருக்கிறது. சில மாதங்களுக்குப் பலன் தரும், செலவு கூட.

ஹப்புத்தளை, 52: மூன்று வாரமாக இரவில் பனியன், படுக்கைவிரிப்பு எல்லாம் நனைகிறது. உடம்பும் மெலிகிறது. இருமலும் இருக்கு.

ஐயா, உங்கள் கேள்வி தொடையிடுக்கு பற்றியதே இல்லை. நாளைக் காலையே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், சளிப் பரிசோதனை கேளுங்கள். காசநோய் என்றால் அரச மார்பு நோய் கிளினிக்கில் மருந்து இலவசம், முழுதாகக் குணமாகும். தைரொய்ட், சீனி, வேறு காரணங்களும் பார்ப்பார்கள்.

டிக்கோயா, புதுமாப்பிள்ளை: இந்தச் சூட்டால் பிள்ளை பிறப்பது பாதிக்குமா?

விதைப்பை உடம்பைவிட இரண்டு முதல் நாலு பாகை குளிராக இருந்தால்தான் விந்தணு நன்றாக உருவாகும். 2018இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 656 ஆண்களில் தளர்வான உள்ளாடை போட்டவர்களின் விந்தணுச் செறிவு 25 வீதம் கூடுதலாக இருந்தது. இறுக்கமானதை விடுங்கள். அதற்கு மேல் மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பெயர், ஊர் இல்லை: கவுண்டரில் இதை எப்படிக் கேட்பது? வெட்கமா இருக்கு.

துண்டுக் கடதாசியில் எழுதிக் கொடுங்கள். பஸ் டிரைவர் ஒருவர் சிகரட் பெட்டி அட்டையைக் கிழித்து, "தொடை, அரிப்பு, 2 கிழமை" என்று எழுதி, காசுக்குள் மடித்து நீட்டுவார். நானும் அதன் பின்பக்கத்தில் "வட்டமா? விதைப்பையிலுமா?" என்று எழுதித் திருப்பி நீட்டுவேன். பக்கத்தில் நிற்பவர் மிச்சக் காசு என்று நினைத்துக்கொள்வார்.