நாலு வயது மகன் கடிக்கிறான்: பதில்

தங்கச்சி, மற்றப் பிள்ளைகள் விளையாட்டுச் சாமானைப் பறித்தால் உங்கள் மகன் கடிக்கிறான், முன்பள்ளி ரீச்சர் மன்னிப்புக் கேட்க வைத்தும் மாறவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அவன் கெட்ட பிள்ளை இல்லை. கோபத்தை அடக்கும் மூளைப்பகுதி இந்த வயதில் இன்னும் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது.

கடித்த உடனே புத்தி சொன்னால் ஏறாது. கடிபட்ட பிள்ளையைப் பார்த்துவிட்டு, இவன் கண்மட்டத்துக்குக் குனிந்து, "லொறியைப் பறிச்சதால கோபம் வந்திட்டுது, என்ன?" என்று மட்டும் கேளுங்கள். அழுகை அடங்கட்டும். அப்புறம், "என்ர முறை முடியத் தாறன்" என்று சொல்லப் பழக்குங்கள். அதையும் வீட்டில், அவன் சந்தோசமாக இருக்கும் நேரம், பொம்மைகளை வைத்து நடித்துக் காட்டித்தான் பழக்க வேண்டும்.

பின்னேரம், மான்கள் திரியும் திருகோணமலை பிரெட்றிக் கோட்டைப் பக்கம் கூட்டிப்போங்கள். மானுக்கு இப்ப பயமா, பசியா என்று கேளுங்கள்; அடுத்தவர் மனதைக் கவனிக்க அது நல்ல பயிற்சி. ரீச்சரிடமும் அதே வசனத்தையே பாவிக்கச் சொல்லுங்கள்.